சிப் வரும் வரும் என்கிறார்கள். நிலம் போனால் வருமா?

(சங்கத்தின் மாவட்ட விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்றைக்கு நாம் பேசப் போவது கரும்பு நிலுவைத் தொகை பற்றியோ, உர விலை பற்றியோ அல்ல. "செமிகண்டக்டர்" என்கிற சமாச்சாரம் பற்றி. நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்த ஆலைக்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். நிலமும் தண்ணீரும் யாரிடம் இருக்கிறது? நம்மிடம்தான் இருக்கிறது. மிச்சம் மீதி இருப்பது!

2025 மார்ச்சில் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையில், 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் இயக்கம் என்று அறிவித்தார்கள். சூலூர், பல்லடம் பக்கம் தொழிற்பூங்கா என்றும் அதில் சொன்னார்கள். பல்லடம் எப்படிப்பட்ட ஊர்? பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் மண்டல முறை வைத்து, நம் மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் வரும் என்று நாள் எண்ணிக் காத்திருக்கிற ஊர். அதனால் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, இதில் சொன்ன சொல் எத்தனை நிறைவேறியது, எத்தனை காற்றில் போனது என்று நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லி விடுகிறோம். நாம் சிப்புக்கு எதிரி அல்ல. நம் கையில் இருக்கிற செல்போனிலும் சிப் இருக்கிறது, மோட்டாரைத் தூரத்தில் இருந்து ஓட்டுகிற ஸ்டார்ட்டரிலும் சிப் இருக்கிறது. நாம் கேட்பது வேறு. தேதி சொல்லி, தொகை சொல்லி, வேலை எண்ணிக்கை சொல்லி நிலம் கேட்கிறார்களே, அந்தத் தேதியையும் தொகையையும் நம்பலாமா என்பதுதான் கேள்வி.

மகசூல் கணக்கு அங்கேயும் உண்டு

சிப் எப்படிச் செய்கிறார்கள்? சிலிக்கனைச் சுத்தப்படுத்தி வட்டத் தகடாக அறுக்கிறார்கள். அதற்கு வேஃபர் என்று பெயர். பெரிய தகடு ஒரு அடி அகலம் இருக்கும். அதன் மேல் ஒளியால் கோடு வரைந்து, அரித்து, பூசி, கழுவி, மறுபடி வரைந்து, நூற்றுக்கணக்கான படிகள் செய்தால் ஒரு தகட்டில் பல நூறு சிப் கிடைக்கும். எல்லாம் நல்லதாக வராது. நூறில் எத்தனை தேறுகிறது என்பதைத்தான் அவர்கள் "ஈல்டு" என்கிறார்கள். நம் பாஷையில் மகசூல்!

விதைத்ததெல்லாம் விளையாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் நாம் எந்த வங்கியிலும் போய் "ஏக்கருக்கு இத்தனை மூட்டை, இன்ன தேதியில், சத்தியமாக" என்று எழுதிக் கொடுத்துப் பொதுப்பணம் வாங்குவதில்லை. அவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். பல வருஷத்துக்கு முன்கூட்டியே அட்டவணை போடுகிறார்கள். அதற்குப் பெயர் ரோடுமேப்.

அந்த ரோடுமேப் லட்சணத்தைப் பாருங்கள். இந்தத் தொழிலில் உலகத்திலேயே பெரிய கைகளில் ஒன்று அமெரிக்காவின் இன்டெல். அவர்களது 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் 2016 வாக்கில் வந்திருக்க வேண்டும். பெருவாரியாகச் சந்தைக்கு வந்தது 2019-ல். காரணம் மகசூல் சரியில்லை. அடுத்த 7 நானோமீட்டரும் தள்ளிப்போகிறது என்று 2020 ஜூலையில் அவர்களே அறிவித்தார்கள். 2021 ஜூலையில் என்ன செய்தார்கள் தெரியுமா? 10 நானோமீட்டர் வரிசையில் மேம்படுத்தி வைத்திருந்ததற்கு "இன்டெல் 7" என்று பெயர் மாற்றினார்கள். மற்ற கம்பெனிகளும் அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள் என்று நியாயம் சொன்னார்கள். அது உண்மையும்கூட. இன்றைக்கு இந்தத் தொழிலில் நானோமீட்டர் எண் என்பது அளவே அல்ல, வெறும் வியாபாரப் பெயர். விதைப் பொட்டலத்தில் புது லேபிள் ஒட்டி விற்றால் வேளாண் துறை அதிகாரி வந்து கேஸ் போடுவார். இங்கே கேட்பார் இல்லை!

இன்னொன்று கேளுங்கள். நெதர்லாந்தில் ஏ.எஸ்.எம்.எல். என்று ஒரே ஒரு கம்பெனிதான் மிக நுண்ணிய சிப்புக்கான ஒளி இயந்திரத்தைச் செய்கிறது. ஒரு இயந்திரம் 15 கோடி டாலருக்கு மேல். 2000-களின் நடுவிலேயே வந்து விடும் என்று சொன்ன இயந்திரம் பெரிய உற்பத்திக்கு வந்தது 2019 வாக்கில். பத்து வருஷத்துக்கு மேல் தாமதம்! 2008-ல் மூன்று பெரிய கம்பெனிகள் கூடி, ஒன்றரை அடி அகல வேஃபரை 2012-ல் கொண்டு வருவோம் என்றார்கள். அது வரவே இல்லை. ஒரு ஆலை கட்டும் செலவு நான்கு வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்று அந்தத் தொழிலிலேயே ஒரு பழமொழி உண்டு.

ஐம்பது வருஷ அனுபவம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறேன் என்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஓஹையோ, மாக்டெபர்க்: உழவன் நிலத்தின் கதை

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், விவசாய நிலமாக இருந்த சுமார் 1,000 ஏக்கரில் இன்டெல் இரண்டு ஆலை கட்டுவதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. 2,000 கோடி டாலர். 2025-ல் சிப் வரும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் என்ன வந்தது? சிப் வரவில்லை, அறிக்கை வந்தது. முதல் ஆலை 2030, உற்பத்தி 2030-31 என்று. இடையில் செலவுக் கணக்கு 2,800 கோடி டாலராக ஏறி விட்டது.

ஜெர்மனியில் மாக்டெபர்க் என்று ஒரு ஊர். அந்த வட்டாரத்தின் கரிசல் மண் அந்த நாட்டிலேயே பேர் போன மண். அங்கே ஆலை கட்டுவதாக அதே கம்பெனி 2022 மார்ச்சில் அறிவித்தது. 2023 ஜூனில் முதலீடு 3,000 கோடி யூரோ என்றார்கள், அதில் அரசு மானியம் மட்டும் சுமார் 1,000 கோடி யூரோ என்றார்கள். 2024 செப்டம்பரில் இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள். 2025 ஜூலையில் திட்டமே இல்லை என்று கைவிரித்தார்கள். ஜெர்மனி ஏமாளி நாடா? சட்டம் இல்லாத நாடா? அங்கேயே இப்படி!

ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. தைவானின் டி.எஸ்.எம்.சி. கம்பெனி அமெரிக்காவின் அரிசோனாவில் ஆலை கட்டுவதாக 2020 மே மாதம் சொன்னது. தேர்ந்த ஆட்கள் கிடைக்கவில்லை என்று 2023-ல் தள்ளிப்போட்டது. ஆனாலும் 2024 கடைசியில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆக, நடக்கவே நடக்காது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1,200 கோடி டாலர் என்று தொடங்கிய திட்டம், ஆலை மேல் ஆலை சேர்த்து 2025 மார்ச்சில் 16,500 கோடி டாலர் திட்டமாகி நிற்கிறது. இரண்டாவது ஆலை 2026 என்றது 2027 அல்லது 2028 என்று ஆனது. கைதேர்ந்தவனுக்கும் தேதி தப்புகிறது, தொகை ஏறுகிறது. இதுதான் இந்தத் தொழிலின் சுபாவம். இதை ஒளித்துவிட்டு நம்மிடம் தேதி சொல்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

நம் நாட்டுக் கணக்கு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

2006-ல் ஐதராபாத் பக்கத்தில் "ஃபேப் சிட்டி" என்று 1,200 ஏக்கர். 300 கோடி டாலர் முதலீடு, சிப் கொட்டும் என்றார்கள். ஒரு சிப் வரவில்லை. நிலம் வேறு வேறு கம்பெனிகளுக்குப் போனது.

2014 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை இரண்டு ஆலைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. உத்தரப்பிரதேசத்தில் ஒன்று, 34,399 கோடி ரூபாய். குஜராத்தில் ஒன்று, 29,013 கோடி ரூபாய். இரண்டும் எழும்பவில்லை.

2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் வந்தது. உடனே வரிசை கட்டினார்கள். 2022 மே மாதம் கர்நாடகத்தில் மைசூரு ஆலை, 22,900 கோடி என்று ஒப்பந்தம். நின்று போனது. 2022 ஜூலையில் நம் தமிழ்நாட்டிலேயே சிங்கப்பூர் கம்பெனியுடன் 25,600 கோடிக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம். போட்டோ வந்தது, பேப்பரில் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. ஆலை எங்கே? அந்தத் திட்டத்தில் சொன்ன நேரடி வேலை 1,500. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு 17 கோடி ரூபாய்! 2022 செப்டம்பரில் வேதாந்தாவும் ஃபாக்ஸ்கானும் குஜராத்தில் 1.54 லட்சம் கோடி என்றார்கள். வேதாந்தா யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, தூத்துக்குடிக்குத் தெரியும். 2023 ஜூலையில் ஃபாக்ஸ்கான் விலகியது. கூட்டு கலைந்தது.

2023-ல் மைக்ரான் கம்பெனி குஜராத்தின் சானந்தில் 275 கோடி டாலர் திட்டம் அறிவித்தது. அது சிப்பை வடிக்கிற ஆலைகூட அல்ல, வெளியே செய்ததைப் பொதிந்து சோதிக்கிற ஆலை. அதில் கம்பெனி போடுவது அதிகபட்சம் 82.5 கோடி டாலர். மீதி? மத்திய அரசு பாதி, குஜராத் அரசு ஐந்தில் ஒரு பங்கு. அதாவது நூறு ரூபாய் ஆலையில் எழுபது ரூபாய் நம் வரிப்பணம்! 2024 டிசம்பரில் முதல் சிப் என்றார்கள். அந்த டிசம்பர் வந்தது, போனது. சிப் வரவில்லை.

பயிர்க்கடன் கேட்டு நாம் சொசைட்டிக்குப் போனால் பட்டா கொண்டா, சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டா, ஜாமீன் கொண்டா. தவணை ஒரு மாதம் தப்பினால் நோட்டீஸ். நகையை வைத்திருந்தால் ஏலம். அங்கே எழுபது பங்கு பணத்தைக் கொடுத்துவிட்டு, தேதி தப்பினால் புதுத் தேதியும் கொடுக்கிறார்கள். உழவனுக்கு ஒரு சட்டம், கம்பெனிக்கு ஒரு சட்டமா?

இதில் நேர்மையாக நடந்தவர்களையும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பிள்ளை ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ கம்பெனி, சுமார் 70 கோடி டாலர் சிப் திட்டத்தை 2025 மே மாதம் நிறுத்தி வைத்தது. மக்கள் வரிப்பணத்தை வாங்குவதற்கு முன் தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வேண்டும், அது எங்களுக்கு வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த யோக்கியம் எல்லோருக்கும் இருந்தால் நாம் இந்த மேடை போட வேண்டியதே இல்லை.

தொலேரா: பாலியா கோதுமையின் ஊர்

டாட்டாவும் தைவான் கம்பெனியும் சேர்ந்து 91,000 கோடி ரூபாயில் கட்டுகிற ஆலைக்கு 2024 மார்ச் 13-ல் குஜராத்தின் தொலேராவில் அடிக்கல் நாட்டினார்கள். 2026 இறுதிக்குள் முதல் சிப் என்பது அன்று சொன்ன கணக்கு. இங்கே திட்டமிட்டிருப்பதில் முக்கியமானது 28 நானோமீட்டர். தைவானில் 2011-லேயே உற்பத்திக்கு வந்து விட்ட தொழில்நுட்பம். காருக்கும் மிஷினுக்கும் அது போதும், அது தப்பில்லை. ஆனால் "உலகத்தையே மிஞ்சப் போகிறோம்" என்று மேடையில் பேசுவதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

அந்த நிலத்தின் கதையைக் கேளுங்கள். பால் என்று அந்த வட்டாரத்துக்குப் பெயர். மழைக்காலத்தில் மண் குடித்து வைத்த ஈரத்திலேயே, பாசனம் இல்லாமல், பாலியா கோதுமை விளைகிற பூமி. 2011-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 2009-ல், சிறப்பு முதலீட்டு மண்டலச் சட்டம் போட்டு 22 கிராமங்களை, 920 சதுர கிலோமீட்டரை, திட்டத்துக்குள் கொண்டு வந்து விட்டார்கள். நகரமைப்புத் திட்டம் என்ற பெயரில் நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை மாற்றிக் கொடுக்கிற ஏற்பாடு. விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2015-ல் இருக்கும் நிலை தொடர வேண்டும் என்று உத்தரவு வாங்கினார்கள்.

2009-ல் கோடு போட்டார்கள். சிப் ஆலைக்கு அடிக்கல் 2024-ல். நடுவில் பதினைந்து வருஷம்! அந்தப் பதினைந்து வருஷமும் நிலத்தை விற்கவும் முடியாமல், நம்பிக் கிணறு வெட்டவும் முடியாமல் இருந்தவன் யார்? கம்பெனிக்குத் தாமதம் என்றால் ஒரு பக்க அறிக்கை. உழவனுக்குத் தாமதம் என்றால் ஒரு தலைமுறை.

அதே குஜராத்தில் மாண்டல் - பெச்சராஜி என்ற இடத்தில் இதே சட்டத்தில் 44 கிராமங்களைச் சேர்த்தார்கள். விவசாயிகள் டிராக்டரோடு தெருவுக்கு வந்தார்கள். 2013 ஆகஸ்டில் 36 கிராமங்களை விடுவித்தார்கள். போராடினால் கிடைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி!

தண்ணீர் யாருக்கு முதலில்?

சிப்பைக் கழுவும் தண்ணீர் நாம் குடிக்கிற தண்ணீரை விடப் பல மடங்கு சுத்தமாக இருக்க வேண்டும். டி.எஸ்.எம்.சி. கம்பெனி 2019-ல் தைவான் ஆலைகளுக்கு ஒரு நாளைக்கு 1.56 லட்சம் டன் தண்ணீர் எடுத்தது. நம் கணக்கில் வருஷத்துக்கு 2 டி.எம்.சி.! பெரும்பகுதியைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்கிறார்கள். பயன்படுத்துகிறார்கள்தான். அப்படிச் செய்தும் இவ்வளவு வேண்டியிருக்கிறது.

2020-ல் தைவானில் புயல் மழை பொய்த்தது. 2021-ல் கடும் வறட்சி. அணைகள் வற்றின. அரசு யாருக்குத் தண்ணீரை நிறுத்தியது? சுமார் 74,000 ஹெக்டேர் வயலுக்கு நிறுத்தியது. பாசன நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு! சிப் ஆலைகளுக்குக் கொஞ்சம் குறைத்தார்கள், ஆனால் ஓட விட்டார்கள். விவசாயிக்கு நட்டஈடு கொடுத்தார்கள் என்பது உண்மை. நம் ஊரில் அப்படி நடந்தால் நட்டஈடு எப்போது வரும்? நடவு நடுகிற பெண்களுக்கும் அறுவடைக் கூலிக்காரருக்கும் யார் தருவார்கள்? உலகத்திலேயே மழை அதிகம் பெய்கிற நாடுகளில் தைவான் ஒன்று. அங்கேயே வறட்சி வந்தால் வயல்தான் காய்ந்தது. மண்டலத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நம் ஊரில் எது காயும் என்று சொல்லவும் வேண்டுமா?

சட்டம் யார் பக்கம்?

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு. தனியார் திட்டம் என்றால் நில உரிமையாளர் ஒப்புதலும் உண்டு. ஐந்து வருஷம் சும்மா கிடந்தால் நிலத்தை உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்ற 101-ஆம் பிரிவும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் வருஷத்து மாநிலச் சட்டத்தில். அதில் சமூகத் தாக்க ஆய்வும் இல்லை, ஒப்புதலும் இல்லை. 2021-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்தச் சட்டம் நிலைத்து விட்டது. போதாததற்கு 2023 ஏப்ரல் 21-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால் உள்ளே இருக்கிற ஏரி, குளம், ஓடை எல்லாம் சேர்த்துக் கொடுக்கலாம்! எந்தக் கட்சி ஆட்சி என்பது நமக்குக் கணக்கில்லை. எல்லோர் கையிலும் பேனா ஒரே பக்கம்தான் எழுதுகிறது.

நாம் கேட்பது என்ன?

1. இதுவரை போட்ட செமிகண்டக்டர் ஒப்பந்தங்கள் எத்தனை, நடந்தது எத்தனை, கொடுத்த நிலம், செலவழித்த பொதுப்பணம், கிடைத்த வேலை எத்தனை? வெள்ளை அறிக்கை வெளியிடு!

2. சிப்காட் பேட்டைகளில் காலியாகக் கிடக்கிற நிலத்தை முதலில் நிரப்பு! அதுவரை விளைநிலத்தில் கை வைக்காதே!

3. ஒப்பந்தக் காகிதத்தை நம்பி நிலம் எடுக்காதே! கம்பெனி தன் பங்குப் பணத்தைக் கட்டிய பிறகு பேசு!

4. ஐந்து வருஷத்தில் ஆலை ஓடவில்லை என்றால் நிலம் கொடுத்த உழவனுக்கோ அவன் வாரிசுக்கோ திருப்பிக் கொடு! நில வங்கி என்று நழுவாதே! எந்தச் சட்டத்தில் எடுத்தாலும் இது பொருந்த வேண்டும்!

5. தேதி தப்பினால் மானியத்தை வட்டியோடு திருப்பி வாங்கு! உழவனுக்கு உள்ள விதி கம்பெனிக்கும் வேண்டும்!

6. குடிநீருக்கும் பாசனத்துக்கும் போகத்தான் ஆலைக்கு! அதுவும் சுத்திகரித்த கழிவுநீர் மட்டும்! பாசன வாய்க்காலில் இருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை என்று அரசாணை போடு!

7. கிராம சபை ஒப்புதல் இல்லாமல் அளவைக் கல் ஊன்றாதே!

பெரியோர்களே! இதில் எதுவாவது அநியாயமாக இருக்கிறதா? கம்பெனி உண்மையிலேயே ஆலை கட்டும் என்றால் இந்தக் கையெழுத்தைப் போட அவர்களுக்கு என்ன தயக்கம்? போட மறுத்தால், சொன்ன தேதியை அவர்களே நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

நாம் உடனே செய்ய வேண்டியது இதுதான். அடுத்த கிராம சபையில் இந்த ஏழையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். உங்கள் ஊரில் அளக்க வந்தால் எந்தச் சட்டத்தில், எந்த உத்தரவில் என்று எழுத்தில் கேளுங்கள். "நல்ல விலை வரும், முன்பணம் வாங்கிக்கோ" என்று தரகர் வந்தால் தனியாகப் பேசாதீர்கள். நான்கு பேரைக் கூட்டி வைத்துப் பேசுங்கள். கிளைச் சங்கங்கள் தீர்மான நகல்களைத் திரட்டி, மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாள் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கொடுப்போம். பதில் வரும் வரை ஒவ்வொரு மாதமும் கொடுப்போம்.

சிப் இந்த வருஷம் வராவிட்டால் அடுத்த வருஷம் வரும். தொழிற்சாலைக்கு ஆயிரம் இடம் உண்டு. மண் மேல் கான்கிரீட் ஊற்றி விட்டால் எந்த ரோடுமேப்பிலும் அது திரும்பி வராது.

விளைநிலம் காப்போம்!
பாசன உரிமை காப்போம்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!